வகுப்பறைச் சுவரில் ஒரு கோடு

ஆறாம் வகுப்பில் ஓவிய மிஸ் ஆளுக்கொரு வெள்ளை அட்டை கொடுத்து, "நீங்க யாருன்னு பேர் எழுதாம காட்டுங்க. ஒரே ஒரு சின்னம் போதும்" என்றார். மறுநாள் பள்ளிக்கு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. படங்கள் எல்லாம் பின்சுவரில் தொங்கப்போகின்றன. மளிகைக்கடைக்காரர் மகள் தராசு வரைந்தாள். என் தோஸ்து தன் வாப்பாவின் தையல் மிஷினை வரைந்தாள்.

நான் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வரைந்தேன். கோட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி, ரெட்டைப் பின்னலோடு ஒரு தலை.

"என்னம்மா இது, கடலா?"

"இல்ல மிஸ். எங்க வூட்டு செவுத்துல கீற கோடு. வெள்ளம் வந்தப்போ உழுந்தது. இப்போ நான் அத்தவிட ஒசரம்."

சடையங்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சுவரில், எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கறை மேலே வந்துவிடும். வெள்ளம் வந்தபோது நான் கைக்குழந்தை, எதுவும் நினைவில்லை. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து அதன் அருகில் நின்று அளந்து பார்ப்பேன். அந்த வருஷம்தான் என் தலை அதைத் தாண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சங்கதி அதுவரை என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

மிஸ் கெட்டவர் இல்லை. "வர்றவங்க பார்த்துட்டு பாவப்படுவாங்கம்மா. பூ, மயில்னு ஏதாவது சந்தோஷமா வரையேன்" என்று புது அட்டையை நீட்டினார். பாவம் என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

"பூ நான் இல்ல மிஸ்" என்றேன். அட்டையை வாங்கவில்லை. அவர் என் படத்தை மேசைக்குள் போட்டுவிட்டு மற்றவற்றை மாட்டினார்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே போனதும், பழுப்புக் கிரேயானை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனேன். மாட்டியிருந்த படங்களுக்குக் கீழே, என் மூக்கு உயரத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்தேன்.

சாயங்காலம் அம்மாவை வரவழைத்தார்கள். துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி யூனிஃபார்மோடு வந்தவள், வந்ததும் வராததுமாக என் முதுகில் ஒன்று வைத்தாள். "மன்னிச்சிக்கோங்க மிஸ்ஸு, நானே தொடச்சி வுட்டுர்றேன்" என்று ஈரத்துணியை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி கோடு இது?"

சொன்னேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

 அம்மா துணியை பெஞ்சில் போட்டுவிட்டு, கிரேயானை வாங்கி, சுவரோடு முதுகை ஒட்டி நின்று, தன் தாடைக்கு நேராக இன்னொரு கோடு போட்டாள்.

"அது தண்ணி நின்ன எடம். ஏறி வந்த எடம் இது. வரையறதுன்னா கொறைக்காம வரை." அப்புறம் மிஸ்ஸிடம், "இத்த நான் தொடைக்க மாட்டேன் மிஸ்ஸு. நீங்க இன்னா பண்ணாலும் பண்ணிக்கோங்க" என்று சொல்லி, என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் மிஸ் சுவர் நெடுக சார்ட் ஒட்டி மறைத்தார். மேல்கோடு மட்டும் அதையும் தாண்டித் தெரிந்துகொண்டிருந்தது.

எனக்கோ அம்மா மேல் ஆத்திரம். புதுக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. அவள் கோடு போட்ட அன்றைக்கு, வீடு திரும்பும் பஸ்ஸில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பாடுபட்டுத் தாண்டிய தண்ணீரை அவள் வேண்டுமென்றே ஏற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தாடைவரை தண்ணீரில் நின்றவள் வெள்ளத்தன்று கைக்குழந்தையை எங்கே வைத்திருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.