அடுப்பு மேடையில் ஒரு ஃபயர்வால்

போன வாரம் முத்தியால்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மேசைக்கு அடியில் எங்கேயோ யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. கடைக்காரர், "அஞ்சு நிமிஷம் மேடம், வந்துடும்" என்றார். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் கை மட்டும் பழக்கதோஷத்தில் பைக்குள் ஒரு சாவியைத் தேடியது. அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன.

அது ஒரு சமையலறைச் சாவி. சிரிக்காதீர்கள், என் முதல் உத்தியோகம் அங்கேதான். கடற்கரைக்குப் பக்கத்து வீதியில் ஒரு பழைய பிரெஞ்சு வீடு. பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் அந்நாட்டுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கும் காகிதங்களை மொழிபெயர்த்து, ஸ்கேன் எடுத்து அனுப்பிவைக்கும் அலுவலகம் அதில் நடந்தது. வீட்டின் சமையலறையில் சர்வரை வைத்திருந்தார்கள். கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்தினால் பூட்டைத் திறக்க ஓடவேண்டியவள் நான். அடுப்பு மேடைமேல் ஃபயர்வால். பேர்தான் பெரிது, ஆள் டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஊறி, எந்தக் காலத்திலோ யாரோ வறுத்த மீனின் வாசனையைத் திரும்பக் கொடுக்கும். பசி நேரத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருப்பது பெரிய சோதனை.

எங்கள் அத்தாவுக்குப் பெரிய மார்க்கெட் பக்கத்தில் துணிக்கடை. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"அந்தப் பொட்டி என்னாம்மா பண்ணும்?"

"ஆபீஸ்லேர்ந்து எந்த கம்ப்யூட்டர் எங்க போவுது, எப்போ போவுது, எவ்வளவு எடுத்துட்டுப் போவுதுன்னு எழுதி வெக்கும் அத்தா."

"என்னா பேசுதுன்னு?"

"அது தெரியாது."

"அப்போ ஜன்னல்ல நின்னு தெருவப் பாக்குற பொம்பள மாதிரிதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், இதைவிடச் சரியாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஒருநாள் அந்தப் பெட்டியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டி வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு வயதான சொல்தா அலுவலகத்துக்குள் நுழைந்து மேசையைத் தட்டினார். "எங்கம்மா பேரு, நான் பொறந்த தேதி, எல்லாத்தையும் எவனோ போன்ல ஒப்பிக்கிறான்! பேங்க் நம்பர் சொல்லுங்கிறான்! இங்க குடுத்த காயிதம் அவன்கிட்ட எப்படிப் போச்சு?"

எங்கள் முதலாளியை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு முகம் செத்துவிட்டது. சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "யாருன்னு பாரும்மா. யாரா இருந்தாலும் போலீஸ்தான்."

பெட்டி எழுதிவைத்த பதிவுகளைத் திறந்தால் லட்சக்கணக்கான வரிகள். திருடனை நேராகத் தேடமுடியாது. நல்லவர்களை ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வரவேண்டும், கடைசியில் மிஞ்சுவதைப் பிடிக்கவேண்டும். கேட்க எளிது. ஆனால் ஒரு வரி நல்ல வரியா என்று தெரிய, அதற்குரிய ஆளிடம் போய்க் கேட்டாகவேண்டும். அப்படித்தான் முசே தன் அறையில் பிரெஞ்சு இணைய வானொலியில் சமையல் குறிப்பு கேட்கிறார் என்று தெரிந்தது. முன்மேசைப் பையன் ஊர் உலகத்துப் பெண்களின் ஜாதகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பிரான்ஸுக்குப் போகும் வரிகளைச் சந்தேகப்படலாம் என்றால், எங்கள் தொழிலே அதுதான். தவிர, இந்த ஊரில் யாருக்கு அங்கே ஒரு அண்ணனோ அத்தையோ இல்லை? கேட்டுக் கேட்டு விலக்கினேன். எல்லோர் வீட்டுக் கதையும் எனக்குத் தெரிந்துபோனது, திருடன்தான் அகப்படவில்லை.

மிஞ்சியது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அலுவலகம் திறந்ததிலிருந்து மூடும்வரை, நிற்காமல், பிரான்ஸில் ஏதோ ஒரு வீட்டுக்கு எக்கச்சக்கமாக எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. அது மர்த்தீன் அக்காவின் கம்ப்யூட்டர்.

மர்த்தீன் அக்கா எங்கள் மூத்த மொழிபெயர்ப்பாளர். கணவர் இல்லை. தினமும் தன் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டு "தின்னு, எலும்பா இருக்குற" என்பவர். அன்று அந்தப் பாதியை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். முசேயிடம் நேராகப் போயிருக்கலாம், அதுதான் எனக்கு இட்ட வேலை. கால் அக்காவின் மேசைக்குத்தான் போனது.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து பிரான்ஸுக்கு நாள் பூரா என்னமோ போவுதே?"

அவர் பதறவில்லை. திரையின் மூலையில் சின்னதாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு கட்டில். கம்பளிக்குள் யாரோ சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள்.

"என் புள்ள. ஓட்டல்ல நடுராத்திரி வரைக்கும் வேல. இப்போ தூங்குறான்."

"நாள் பூராவா?"

"போன குளிர்ல ரெண்டு வாரம் போனே எடுக்கல பாப்பா. கட்டில வுட்டே எழுந்துக்கலையாம். அப்புறம் அவனே கேட்டான், நீ பேச வேணாம்மா, உன் ஆபீஸ் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா போதும்னு. அதான் ரெண்டு பக்கமும் தொறந்தே வெச்சிருக்கோம்."

சந்தேகம் என்று நான் குறித்து வைத்திருந்தது இவ்வளவுதான். எங்கள் ஃபேன் சத்தம், ஸ்டேப்ளர் சத்தம், என் தும்மல் எல்லாம் கடல் தாண்டிப் போய் ஒரு பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் அவரே தண்ணீர் கொடுத்தார்.

அந்த வரியையும் விலக்கியதும் பட்டியல் காலியாகிவிட்டது. காலியாகக்கூடாதே, அப்படியென்றால் நல்லது என்று தள்ளியதில்தான் எங்கேயோ தப்பு. தள்ளியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தேன். அகப்பட்டது ஸ்கேன் மெஷின். நம்ம மெஷின்தானே என்று முதல் வேலையாக நான் விலக்கியது அதைத்தான். யாரோ, எப்போதோ அதற்குள் வெளியாள் ஒருவரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். நாங்கள் வைத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் அங்கேயும் போயிருக்கிறது. போலீஸில் சொன்னோம், ஆள் கிடைக்கவில்லை.

முசே நல்ல மனுஷர். அக்காவின் திரையில் அந்தக் கட்டிலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். வேலைக்குத் தேவையானது தவிர எல்லா வழியையும் மூடச் சொன்னார்.

"அக்காவுக்கு மட்டும் விட்டுடலாமா முசே?"

"ஒருத்தருக்குத் தொறந்து வெச்சா, பூட்டு எதுக்கும்மா?"

கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. அப்போது கைப்பேசியில் நாள் முழுக்க வீடியோ ஓட்டுவதென்றால் சொத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். அக்காவிடம் போய்ச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"எப்போ மூடுவ?"

"நாளைக்கு, ஆபீஸ் தொறந்ததும்."

"அவன் எழுந்ததும் மூடும்மா. தூங்கும்போது வேணாம். சொல்லிட்டு மூடலாம்."

மறுநாள் மதியம்வரை காத்திருந்தேன். நமக்குச் சாப்பாட்டு நேரம், அவனுக்கு அப்போதுதான் காலை. முசே இரண்டு தடவை சமையலறை வாசலுக்கு வந்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்கே திரும்பினார். அக்கா கூப்பிட்டதும் ஓடினேன். தலை கலைந்து, கையில் காப்பிக் கோப்பையோடு அந்தப் பையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முதன்முதலாக முகத்தைப் பார்த்தேன், அக்காவின் அதே மூக்கு. "சரிங்க அக்கா, மூடிக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையாட்டினான். நான் சமையலறைக்குப் போய், வழியை மூடச் சொல்லும் விதியை ஃபயர்வாலில் எழுதி, பொத்தானை அழுத்தினேன்.

அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, விசா வந்ததும் பிள்ளையோடு இருக்கக் கிளம்பிவிட்டார். "அங்க போயி அவன் பக்கத்துலயே ஒக்காந்துக்கறேன்" என்றார்.

இப்போது அந்த வீடு சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. நான் வேறு பெரிய அலுவலகத்தில், அதே வேலையில்தான் இருக்கிறேன். பதிவுகளை நான் உட்கார்ந்து வடிகட்டுவதில்லை, அதற்கு மென்பொருள் வந்துவிட்டது. யார் மேசைக்கும் போய் இது என்ன என்று கேட்கவேண்டியதில்லை, யார் தண்ணீர் கொடுக்கவும் வேண்டியதில்லை. சந்தேகம் என்று பட்டால் அதுவே வழியை மூடிவிட்டு எனக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்புகிறது. கெட்டிக்கார மென்பொருள், என்னைப்போலத் தப்பான இடத்தில் தேடுவதில்லை. ஆனால் அந்தத் தகவல் வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஒருமாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால், எழுந்திருக்கும்வரை அது காத்திருக்காது.