வாப்பா அடிக்காத ஹோர்ன்

கிண்ணியாப் பாலத்தில் நிற்கிறேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஹோர்ன் அடிக்கிறது. அந்த ஒலி தண்ணீரில் நெளிந்து வந்து, இந்தப் பாலம் வருமுன் வாப்பா ஓட்டிய அரசாங்கப் பயணிகள் படகில் என்னை இறக்கிவிடுகிறது. டீசல் மணம், வெயிலில் சுடும் பலகை. போரில் ராணுவம் ஏதோ ஊரைப் பிடித்ததாம். வெற்றிக்காக எல்லாப் படகுகளும் ஹோர்ன் அடிக்க வேண்டுமென்று உத்தரவாம். குடா முழுக்க அலறியது. எங்கள் படகு மட்டும் பேசாமல் மிதந்தது.

“நீங்களும் ஒருக்கா அடிங்களேன், இல்லாட்டி வேலை போயிரும்,” என்றார் படகில் கூட வந்த உம்மா.

“அங்க சனம் செத்துக் கிடக்கு. எல்லாரும் அடிச்சா, இது பிழையெண்டு ஆரு சொல்றது?”

மறுநாள் காலை, ஓடிவந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வாப்பா நீளமாக ஹோர்ன் அடித்துக் காத்திருந்தார். மாலையில் அதிகாரிகள் வந்து படகின் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

துறைமுகத்துக் கப்பல் ஓய்ந்துவிட்டது. வாப்பாவின் ஹோர்ன் இன்னும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.