எமிலியின் பட்டு ஷூவுக்குள் இரும்பு

கொழும்பிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் அக்கா மகள் எமிலி அங்கே பாலே நடனம் படிக்கிறாள். இன்று காலை பட்டு ஷூவை மாட்டி, நாற்காலியைப் பிடித்தபடி கால்விரல் நுனியில் எழும்பி நின்றாள்.

வெறும் பட்டு ஷூவில் அப்படி நிற்க முடியும் என்று நான் நம்பவில்லை. அரிசி கடத்தலைப் பிடிக்கிற செக்போஸ்ட்காரரைவிட எனக்குச் சந்தேகம் அதிகம். ஷூவின் நுனியைத் தட்டினேன். கல் மாதிரி இருந்தது.

அவள் குளிக்கப் போனதும், ஒரு ஷூவைச் செருப்பு தைக்கும் செல்லையாவிடம் கொண்டு போனேன்.

"உள்ள இரும்புதான் டீச்சர், சத்தியமாட்டு" என்று கத்தியால் கீறினார்.

பசை போட்டு ஒட்டிய துணியும் அட்டையும்தான் இருந்தன.

கீறிய ஷூவைப் பார்த்து எமிலி அழவில்லை. "ரண்டு வருஷம் வெறுங்கால்ல குதிகாலத் தூக்கி, மெதுவா இறக்கிப் பழகினேன் சித்தி. பிறகுதான் ஷூவே தந்தாங்க" என்று வெறுங்காலில் செய்து காட்டினாள். கணுக்கால் கொஞ்சமும் தள்ளாடவில்லை. நானும் செய்தேன். மூன்றாவது தடவை நாற்காலியோடு விழுந்தேன்.

கொழும்பிலிருந்து யாராவது வருகிறீர்களா? ஒற்றை ஷூ ஒன்று வேண்டும்.

மற்றதை எமிலி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அட்டைக்கு எதற்குப் பூட்டு என்பதுதான் இப்போது என் சந்தேகம்.