காற்றில் சாய்ந்து நின்ற நாய்

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், எனக்குக் கோபம் இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் உங்களைவிட ஜாஸ்தியாகவே சிரித்திருப்பேன். திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான், ஆனாலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே திரண்டு மலையைச் சுற்றும்போது கடையில் உட்கார்ந்து யாருடைய டிவியையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். செங்கம் ரோட்டில் டிவி ரிப்பேர் கடை. படத்தில் ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிந்தால் எங்கள் தொழிலில் அதற்கு கோஸ்ட் என்று பெயர், மொட்டை மாடிக்குப் போய் ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் போய்விடும். எனக்குத் தெரிந்த பேய் அது ஒன்றுதான். குறி சொல்கிறேன் என்று யாராவது கடை வாசலில் வந்து நின்றால், போய் வேலையைப் பாருய்யா என்று விரட்டிவிடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் பாடு.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. என் மனைவி வசந்தாவுக்கு வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. எங்கள் வீடு ஊரின் இந்தக் கோடி, அவள் ஆபீஸ் அந்தக் கோடி, நடுவில் மொத்த ஊரும் கிடக்கிறது, பஸ் பிடித்துத்தான் போய்வருவாள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் வீட்டாரும் என் வீட்டாரும் பேசியதே போதும், நான் வேறு பேச வேண்டாம்.

பக்கத்து வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தெருவில் கிடந்த நாய்க்குட்டியை எடுத்துப் பால் ஊற்றி வளர்த்தாள், விசா முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள், குட்டி எங்கள் கேட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வசந்தா அதற்கு ராசு என்று பெயர் வைத்தாள். எனக்கு அது ஒரு நாய், அவளுக்கு அது 'அவன்'. சாயந்திரம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது கேட்டருகே காத்திருக்கும், அவள் வந்து நின்றதும் அவள் காலோடு காலாக விலாவைச் சாய்த்துக்கொண்டு, மொத்த கனத்தையும் அவள் மேல் போட்டு நிற்கும். அவள் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று நகர்ந்துவிடுவாள், அது பொத்தென்று விழும். விழுந்த வேகத்தில் எழுந்து மறுபடி சாயும். தினமும் இதே விளையாட்டு, இரண்டு பேருக்கும் சலிக்கவே சலிக்காது.

ஒருநாள் மலை சுற்ற வந்த வேன் ஒன்று ராசுவை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. உயிர் இருந்தது, பின்னங்கால் இரண்டும் துணி மாதிரித் தொங்கின. வசந்தா அதைக் கோணிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டாள், நான் ஆட்டோ பிடித்தேன். கால்நடை ஆஸ்பத்திரியில் மாடும் ஆடுமாக வரிசை. தெருநாய்க்கு ஆட்டோவா என்று ஒருவர் காதுபடக் கேட்டார், அவருடைய கன்றுக்குட்டி மட்டும் தேவலோகத்திலிருந்து வந்ததுபோல. டாக்டர் சின்ன வயதுக்காரர். முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார், பிறகு பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திக் கிள்ளினார். ராசு தலையைத் திருப்பி அவரைப் பார்த்து உறுமியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வலி தெரியுது சார். நரம்பு அறுந்துபோகல, வீக்கம்தான் அமுக்கிட்டிருக்குது. பொழைக்க வைக்கலாம். ஆனா மருந்து பாதிதான், மீதி நீங்க பாக்கறதுல இருக்குது."

வசந்தா பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன் என்று சொல்லலாம், உண்மை அதுதான். வீக்கம் வற்ற ஊசி, சத்து மருந்து, இதெல்லாம் டாக்டர். புண் வராமல் இருக்கப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, அடிவயிற்றைப் பதமாக அமுக்கி மூத்திரம் எடுப்பது, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நடை பழக்குவது, இதெல்லாம் அவள். மதியம் மட்டும் என் முறை, கடையை மூடிவிட்டு வந்து பக்கம் மாற்றிப் போட்டு, தயிர்சோறு ஊட்டிவிட்டுப் போவேன். முனகிக்கொண்டேதான் செய்தேன், ஆனால் செய்தேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மாமியார் வேர்க்கடலை மூட்டையோடு வந்தவர், வராண்டாவில் நாய் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"இத பாருங்க மாப்ள, வூட்டுக்கு வர இருந்தது நாய் மேல எறங்கியிருக்குது. போனா போவட்டும்னு வுட்டுடணும். ஊசி மருந்துனு நீங்க தடுத்து நிறுத்தினா அது எங்க போவும்? வூட்டுக்குள்ளதான வரும்."

எங்கள் பக்கம் இது எல்லோரும் சொல்வதுதான். வளர்த்த நாய் செத்தால், வீட்டுக்கு வந்த கண்டம் அதோடு போயிற்று என்று ஆறுதல் சொல்வார்கள். செத்த பிறகு சொல்வார்கள். இவர் சாவதற்கு முன்பே சொன்னார். வசந்தா நாயின் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு ஏதாச்சும் வர்றதா இருந்தா எனக்கே வரட்டும்மா. அத ஒரு வாயில்லா ஜீவன் தலையில கட்டிட்டு நான் நல்லா இருக்கணுமா?"

நான் சபாஷ் என்றேன். மாமியார் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சபாஷ் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

வாரங்கள் போயின, ராசு முன்னங்காலால் இழுத்துக்கொண்டு நகர்ந்தது, பின்னங்கால் அசையவில்லை. அப்புறம் அந்த மதியம். நல்ல வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. வழக்கம்போல வந்தேன், கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டேன், மாடு உள்ளே நுழைந்து செடியை மேய்ந்துவிடும் என்பதால் கொக்கி போடாமல் நான் உள்ளே போனதே இல்லை. சமையலறையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது. தொடர்ந்து வசந்தாவின் செருப்பு. வார் அறுந்து தைத்த செருப்பு, ஒரு கால் மட்டும் சப்பென்று அடிக்கும், அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. அப்புறம் அவள் குரல், ராசுவை அதட்டும்போது வருகிற அதே செல்லம்.

"டேய் சோம்பேறி, படுத்தது போதும், எழுந்திருடா."

இன்னிக்கு அரை நாள் லீவா என்று உள்ளிருந்தே கேட்டேன். சிமெண்டுத் தரையில் நகம் கீறும் சத்தம் கேட்டது, கிண்ணத்தோடு வெளியே வந்தேன். ராசு நின்றுகொண்டிருந்தது. நான்கு காலில். பின்னங்கால் வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் நின்றது, காது இரண்டும் யாரோ தடவிக்கொடுப்பதுபோலப் படிந்திருந்தன. அதன் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மொத்த கனமும் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் சுவரும் இல்லை தூணும் இல்லை. அப்படிச் சாய்ந்தால் எந்த நாயும் விழும். ராசு விழவில்லை, சாய்ந்தபடியே அடி எடுத்துவைத்து கேட் வரைக்கும் போனது. கேட் திறந்து கிடந்தது.

பயம் வரவில்லை, நம்புங்கள், சந்தோஷம்தான் வந்தது. வசந்தா, இங்க வந்து பாரு என்று கத்திக்கொண்டே வீடு முழுக்கத் தேடினேன், பாத்ரூம், கொல்லை, மொட்டை மாடி எல்லாம். ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வாசலுக்கு வந்தால் அவள் ஆபீஸ் பியூன் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"சார், அக்காவால சேர விட்டு எழுந்திருக்க முடியல. கால் ரெண்டும் மரத்துப்போச்சுங்கறாங்க. உங்கள கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"இப்பதானய்யா இங்க வந்தா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இல்லைங்க சார், காலையில உக்காந்தவங்கதான், சீட்ட விட்டே எழுந்திருக்கல."

நரம்பு வியாதி என்றார்கள். பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறுமாம், சாதாரணக் காய்ச்சல் வந்துபோன பிறகு சில பேருக்கு இப்படி ஆகுமாம், பாதிப் பேருக்கு மேல் தேறிவிடுவார்களாம். அவளுக்கும் கொஞ்ச நாள் முன்பு காய்ச்சல் வந்தது, மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனாள். வேலூருக்குக் கொண்டுபோனோம். முழங்கால், இடுப்பு, கை என்று ஏறிக்கொண்டே வந்தது. பேச்சு குழற ஆரம்பித்த அன்று என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"ஏங்க, கேட்டச் சாத்தினீங்களா? நான் தெறந்து போட்டுட்டு வந்துட்டேன். அவன் ரோட்டுக்குப் போயிடப்போறான்."

ராசு எழுந்து நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவள் கடைசியாகப் பார்த்தபோது அந்த நாய் வராண்டாவைத் தாண்ட முடியாமல் கிடந்தது. சாத்திட்டேன் என்றேன், வேறென்ன சொல்ல. அப்புறம் மூச்சு நின்றது. மூச்சு குறையும்போது மூளை கண்டதையும் சொல்லும் என்றார் ஒரு நர்ஸ், சரிம்மா என்று கேட்டுக்கொண்டேன்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தோம். ஒப்பாரி நடுவே ராசு நான்கு காலில் நடந்து கூட்டத்துக்குள் வந்தது. அழுகை அப்படியே அடங்கிப்போனது, எல்லோர் கண்ணும் அதன் பின்னங்காலில்தான். மாமியார் மட்டும் வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா மாப்ள, எப்பிடி நடக்குதுனு."

அவ்வளவுதான் சொன்னார். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கருமாதி முடிந்ததும் மச்சான் வந்து, மாமா, இத எங்கனா தூரமா வுட்டுட்டு வந்துடறேன் என்றான், வேண்டாம் என்றேன். பிரியத்தில் சொல்லவில்லை. விட்டுவிட்டால் அவர்கள் சொன்னதை நானும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், அந்த வீம்பு. ஆனால் அது தெம்பாக ஓடித் திரிவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. ஒருநாள் கயிறு கட்டி அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், இதை ஒரேயடியாகத் தூங்க வைக்க ஊசி போடுங்கள் என்றேன். அவர் விரலைக் கிள்ளினார், ராசு வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

"வீக்கம் வத்திட்டா சில நாய்ங்க ஒரே நாள்ல எழுந்துடும் சார், அதிசயம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கற நாய்க்குப் போட எங்கிட்ட ஊசி கிடையாது, கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு வந்தேன். சோறு வைத்தேன், தடுப்பூசி போட்டேன், தடவிக்கொடுத்ததில்லை. அதுவும் என் காலில் ஒருநாளும் சாய்ந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில் இருக்கும்போது பார்ப்பேன், கேட்டருகே போய் நிற்கும், காது படியும், உடம்பு மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். ஒன்றுமில்லாத இடத்தில் சாய்ந்து நிற்கும். முதுகு கோணிப்போயிருக்கும், அடிபட்ட நாய் அப்படித்தான் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் எதற்கோ வந்து, மறுபடி அதே பேச்சைப் பேசிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. வெளியே வந்தால் ராசு அதே இடத்தில் சாய்ந்து நிற்கிறது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று போனேன். பூதமும் இல்லை பேயும் இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நாய் விலாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில், கொடித்துணியை விலக்குவதுபோல, கையை வேகமாக வீசினேன்.

ராசு பொத்தென்று விழுந்தது.

வசந்தா நகர்ந்தால் விழுமே, அதே மாதிரி. ஆனால் எழுந்து மறுபடி சாயவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது, வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு. அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே போய்ச் சாயவில்லை.

கிழடுதட்டித்தான் செத்தது. கொல்லையில் புதைத்துவிட்டு வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் ஆறுதலாக, விடுங்கண்ணே, உங்களுக்கு வர இருந்தத அது வாங்கிட்டுப் போயிடுச்சு என்றார். நல்ல மனுஷி. எனக்கு வர இன்னும் என்ன பாக்கி இருக்கு என்று அவரிடம் எரிந்து விழுந்தேன், இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நாயின் கால் எப்படி வந்தது என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார், அவள் கால் எப்படிப் போனது என்று இன்னொரு டாக்டர் சொல்லிவிட்டார். கேட் பழைய கேட், கொக்கி தேய்ந்தது. செருப்புச் சத்தமும் குரலும் தெருவில் போன யாருடையதாகவோ இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் நானே ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு வீசிய கையில் ஒன்றுமே தட்டுப்படவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், வெறும் காற்றுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.