சுவரில் வெட்டிய வாசல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டை ஒட்டிய காலம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தூத்துக்குடிப் பக்கம் ஜவுளிக்கடையில் இருந்த என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. கண்டியில் புடவைக்கடைகள் நிறைய, நம் ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி இலங்கைக்குக் கப்பல் ஏறினோம். வேலை கிடைக்கும் என்று சொன்ன அந்தப் புண்ணியவான், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருக்க இடம் கிடைக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதலில் கம்பளையில் அவருக்குத் தூரத்து உறவான ஒரு குடும்பத்தில் ஒண்டினோம். இருந்தது ஒரே அறை. நடுவில் பழைய சேலை ஒன்றைக் கட்டி, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அந்த அக்கா கெட்டவள் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் தினமும் கண்டிக்குப் போய் வேலை கிடைக்காமல் திரும்பும்போது, "என்ன தம்பி, கண்டியில மாடி வீடு கட்டி முடிஞ்சிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன்.

ஒருவழியாக ஒரு புடவைக்கடையில் வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் கடை ஆட்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கடையிலேயேதான். "கல்யாணம் கட்டினவனுக்கு இங்க இடம் கிடையாதுப்பா. நீ மாடியில பசங்களோட படுத்துக்க. பொஞ்சாதிய ஊருக்கு அனுப்பிரு" என்றார் முதலாளி, ஏதோ பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்வதுபோல.

சரி, வாடகைக்கு ஓர் அறை பார்ப்போம் என்று தெருத்தெருவாக அலைந்தோம். ஒரு வீட்டில், நாங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டு, பதில் வருமுன்பே கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் மீன் சமைக்கக்கூடாது என்றார்கள். நாங்களோ கடற்கரைக்காரர்கள். நம்மைப்போல் கிறிஸ்தவர்களான வேதக்காரர் வீடு ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டால், மாதா கோயில் உபதேசியார் எங்களுக்காகச் சொல்ல வேண்டும் என்றார்கள். உபதேசியாரிடம் போனால், "எந்த வீட்டிலே இருக்கிறீங்க? விலாசம் சொல்லுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். வீடு தேடி வந்தவனிடம் வீட்டு விலாசம் கேட்டால் அவன் எங்கே போவான்? வத்தேகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, தருகிறேன் என்றார். ஆனால் இரண்டு பேரும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்ய வேண்டுமாம். துணி வியாபாரம் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் மண்வெட்டியைப் பிடித்து என்ன செய்வார்?

கடைசியில் நான் ஒரு டாக்டர் வீட்டில் ஆயாவாகச் சேர்ந்தேன். அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. "ஓம், நீ இஞ்சையே படுக்கலாம். ஆனா புருசன் வந்து போறதெண்டால் எனக்குச் சரிவராது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இப்படியாக என் வீட்டுக்காரருக்குக் கடை மாடி, எனக்கு டாக்டர் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாவிக்கரையில் சற்று நேரம் உட்கார்ந்து பேசுவோம். அதுதான் எங்கள் குடித்தனம். ஒருநாள் அதையும் கலைக்க ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"எழும்பு, எழும்பு! இங்க இப்பிடி இருக்க ஏலா."

"என் பொஞ்சாதிங்க, ஐயா."

"எல்லாரும் அதுதான் சொல்றது."

தாலி கட்டியவருடன் திருடியைப்போல எழுந்து நடந்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் எனக்கு அந்நியர் முன்னால் வாய் திறக்க வராது. இப்படியே போனால் ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அவரிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவரும் சரியென்று தலையசைத்தார்.

அடுத்த ஞாயிறு, பெருநாள் வரப்போகிறதென்று கண்டிக்குச் சற்றுத் தள்ளி அலவத்துகொடயில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குத் துணிமூட்டை கொண்டுபோக அவரை அனுப்பினார்கள். என்னையும் கூட்டிப்போனார். அந்த வீட்டுப் பெண்கள் கோஷா. கடைக்கு வரமாட்டார்கள். கடை ஆள் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகத் திரைக்கு உள்ளே நீட்ட வேண்டும். விரித்துக் காட்ட முடியாது, விளக்கிச் சொல்ல முடியாது. பாதி மூட்டை அப்படியே திரும்பி வரும். "நீ உள்ளே போய்க் காட்டு" என்று மூட்டையை என் தலையில் வைத்துவிட்டார்.

உள்ளே போய் விரித்தேன். பேச்சு வரவில்லை. "கடைக்காரர் ஊமையையா அனுப்பின?" என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் உம்மா என்று கூப்பிட்ட வீட்டுக்கார அம்மா மட்டும் என்னைப் பக்கத்தில் இருத்தி, "மகள், எங்க குடியிருக்கிற?" என்று கேட்டார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவர் கடை மாடியில், நான் டாக்டர் வீட்டில் என்று ஆரம்பித்துப் போலீஸ்காரர் வரை கொட்டிவிட்டேன்.

"புருஷன் ஒரு ஊட்டுல, பொஞ்சாதி ஒரு ஊட்டுல! இது என்ன கண்றாவி!" என்று உம்மா எழுந்து திரையருகே போனார். அந்தப் பக்கம் இருந்த தம் கணவரிடம், பாக்கு மூட்டை போட்டிருக்கும் அறையை இவர்களுக்குக் கொடுப்போம் என்றார்.

"அது முற்றத்துக்குள்ள ஈக்கிற அறை. பொம்புளைகள் நடமாடுற இடம். அந்த ஆள் எந்த வழியால வாற?"

"றோட்டுப் பக்கம் சுவர் ஈக்கிதுதானே. உடைங்க."

"சுவரையா?"

"பின்ன, எண்ட தலையையா?"

அந்த வாரமே மண்சுவரை வெட்டித் தெருப்பக்கம் ஒரு கதவு வைத்தார்கள். முற்றத்துக் கதவு எனக்கு, தெருக்கதவு அவருக்கு. அவர் வீட்டில் இருக்கும்போது முற்றத்துக் கதவை நான் உள்ளே தாழ்போட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. ஆயா வேலையை விட்டுவிட்டுச் சுற்றுவட்டாரத்து முஸ்லிம் வீடுகளுக்குள் துணி கொண்டுபோய்க் காட்ட ஆரம்பித்தேன். மூட்டை காலியாகத் திரும்பியதைப் பார்த்த முதலாளி, என் வீட்டுக்காரர் கடை மாடியில் தங்காததைப் பற்றி மூச்சு விடவில்லை. "கட்டினவனுக்கு இடமில்லன்னேன். இப்ப கட்டினவதான் வியாபாரம் பண்றா!" என்று சலித்துக்கொண்டதோடு சரி.

எங்களுக்கு இடமில்லை என்ற ஒவ்வொருவரும் தங்கள் வழக்கத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். எல்லோரையும்விட வழக்கம் இறுக்கமாக இருந்த அந்த வீட்டு உம்மா, அதில் ஒரு நூல்கூடத் தளர்த்தாமலே எங்களைச் சேர்த்து வைத்தார். அன்றிலிருந்து, வழக்கம் இல்லையே என்று சொல்லி யாரேனும் ஒருவரை வாசலில் நிறுத்தினால் நான் அதை முழுதாக நம்புவதில்லை. மனம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.