கிரெஷில் நான் பார்த்த உத்தியோகம்

கொழும்பில் என் மகனைப் பகலில் விட்டுப்போகும் இடத்துக்குக் கிரெஷ் என்று பெயர். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும். கிறிஸ்மஸ் காலத்தில் பக்கத்துக் கடைத்தொகுதியில் குழந்தை இயேசுவை வைக்கோலில் கிடத்திக் குடில் வைத்தார்கள். அதன் முன்னாலும் அதே சொல்லை எழுதியிருந்தார்கள். பிரெஞ்சு படித்த அலுவலகத் தோழியிடம் கேட்டேன். "அது பிரெஞ்சுச் சொல். முதல்ல மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டிக்குத்தான் அந்தப் பேர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் அதை வாங்கிக் குடிலுக்கும் வைத்து, பிள்ளைகளை விடும் அறைக்கும் வைத்து, தேயிலையோடு சேர்த்து எங்கள் மலைக்கும் கொண்டுவந்திருக்கிறான்.

பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளை விடும் அறையின் பலகையிலும் அந்தச் சொல்தான் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது பிள்ளைக்காம்பரா. தகரக் கூரை போட்ட நீள அறை, வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். ஒவ்வொன்றும் அந்தந்தத் தாயின் பழைய சேலை.

எனக்கு அப்போது ஐந்து வயதாகவில்லை. தம்பி ஆறு மாதக் குழந்தை. அம்மா எங்கள் இருவரையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். பத்து மணிக்குப் பால் கொடுக்க வருவாள். வந்த கொஞ்ச நேரமும் தம்பிக்கே போய்விடும். இடையில் பிள்ளை விடாமல் அழுதால் ஆயாம்மா மலைக்கு ஆளனுப்பி அம்மாவைக் கூப்பிடுவார் என்பதை நான் சீக்கிரமே கண்டுகொண்டேன். யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டிலுக்குள் கையை விட்டுத் தம்பியின் தொடையில் ஒரு கிள்ளு. அவ்வளவுதான், அம்மா மூச்சிரைக்க வந்து நிற்பாள். அவளுடைய ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன்.

மூன்றாம் நாளும் இறங்கி வந்தபோது அம்மா அழுதாள்.

"கங்காணி நாளையிலருந்து வேலைக்கே வர வேணாங்கிறாருக்கா. புள்ளைக்கு என்னான்னே வெளங்கல."

ஆயாம்மா தம்பியைத் தூக்கித் தொடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"எறும்பு கடிச்சிருக்கு தங்கச்சி. தொட்டில மாத்திக் கட்டுறேன். கங்காணிகிட்ட நான் பேசுறேன், நீ வேலைக்கு வா. இனிமே அழ மாட்டான்."

மறுநாள் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. தம்பியின் தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி நுனியை என்னிடம் தந்தார். "நீதான் ஆட்டணும். ரெண்டு கையாலயும் புடிச்சுக்க, விடக்கூடாது." பத்து மணிக்கு அம்மா வந்ததும், "ஒம் மக இல்லாட்டி எனக்கு ஒரு வேலையும் ஓடாது" என்று சொல்லி, தம்பி பால் குடிக்கும்போது அம்மாவின் மடியில் மறுபக்கம் என்னை உட்கார வைத்தார். தினமும் அப்படித்தான் வைத்தார்.

தம்பி அதன்பிறகு அழவில்லை. அம்மாவின் வேலையும் போகவில்லை. அந்த வேலைதான் எங்கள் இருவரையும் பதுளை வரை அனுப்பிப் படிக்கவைத்தது. எங்கள் வீட்டுக்கு ஆயாம்மா செய்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்? அம்மாவிடம் அவர் கடைசிவரை எறும்பு என்றே சொல்லியிருந்தார்.

கயிறு கைக்கு வந்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் தம்பி தங்கைகளை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறுகையால் பிஸ்கட் தின்றார்கள். எனக்கு மட்டும் ஏன் இரண்டு கையும் வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. தம்பி அவ்வளவு கனம் என்று நினைத்துக்கொண்டேன்.