ஓதி ஊதிய எலிகள்

கொட்டாஞ்சேனை ஹபீலா பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பொரளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளைப் பராமரிப்பது வேலை. ஒருத்தியை நிரந்தரமாக்கலாமா என்று யோசிக்கப் பதினொரு வருடமெல்லாம் போதாது என்பது நிர்வாகத்தின் எண்ணம் போலும்.

எலிகளுக்குப் பாடம் எளிது. வலிமருந்து ஏற்றிய நாளில் பெட்டியின் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் தீனி விழும். உப்புத் தண்ணீர் ஏற்றிய நாளில் வலப்பக்கம். உடம்புக்குள் மருந்து வேலை செய்கிறதா என்று எலியே சொல்லிவிடும். இந்த ஆய்வை நடத்தும் வெள்ளவத்தை டொக்டர் நிருஷாவின் எலிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை சரியாகச் சொல்லின. நம் பிள்ளைகளுக்கு ஓ.எல். பரீட்சையில் அப்படி வாய்ப்பதில்லை. ஊசி போடுபவருக்கு எது மருந்தென்று தெரியாது என்றும் டொக்டர் கட்டுரையில் எழுதியிருந்தார். ஊசி போடும் ஹபீலாதான் குப்பிகளையும் நிரப்புகிறாள் என்று எழுதக் கட்டுரையில் இடம் போதவில்லை.

வெளிநாட்டு ஆய்வாளர் குழுவொன்று வந்து எலிகளைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஹபீலாவுக்கு நிரந்தர நியமனம் என்று வாக்கு.

அதற்குள் அவள் டெங்குவில் படுத்துவிட்டாள். வேறொருவர் ஊசி போட்டார். எலிகள் எந்த நாளிலும் வலப்பக்கமே அழுத்தின. அவள் திரும்பியதும் மறுபடி மேதைகளாயின. ஹபீலாவுக்குச் சுருக்கென்றது. மருந்து நாளில் மட்டும், பாவம் வாயில்லாச் சீவன் என்று, குர்ஆன் வசனம் ஓதி அதன் முகத்தில் ஊதிவிட்டுத்தான் குத்துவாள். உப்புத் தண்ணீருக்கு என்ன ஓதல்? சந்தேகம் தீர, உப்புத் தண்ணீர் நாளிலும் ஒன்றை ஊதிப் பார்த்தாள். அது நேரே இடப்பக்கம் போனது. டொக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"டொக்டர், இதுகள் மருந்தப் படிக்கல்ல. நான் ஊதுறதத்தான் படிச்சிருக்கு."

"விசர்க் கதை கதைக்காதைங்கோ. குழு வரேக்க ஊதாமப் போடுங்கோ, பாப்பம்."

குழு வந்தது. ஊதாமல் மருந்தைப் போட்டாள். எலி நேரே வலப்பக்கம் போய் அழுத்திவிட்டு, தீனி விழாமல் உட்கார்ந்து மீசையைத் துடைத்தது. அடுத்ததும் அப்படியே. விருந்தினர் தேநீருக்கு நகர்ந்ததும் விஞ்ஞானம் ஹபீலாவின் காதருகே குனிந்தது.

"அடுத்ததுக்கு ஊதிவிடுங்கோ ஹபீலா. உங்கட அப்பொய்ன்ட்மென்ட்டும் இதிலதான் கிடக்கு."

ஆசை இருந்தது; இல்லையென்றால் பொய். ஹபீலா ஊசியை மேசையில் வைத்தாள்.

"ஏலா டொக்டர். நான் அல்லாஹ்ட்ட கேட்டு ஊதினது அதுட உசிருக்கு. பொய்க்கு ஊதேலா."